பரணில் கிடந்த நாதஸ்வரம்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். பரணில் கிடந்த தாத்தாவின் நாதஸ்வரம். "சார், ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. கெட்டுவிட்டதா?" என்று கேட்டார். பாவம், சீவாளி இல்லாமலே ஊதியிருக்கிறார்! அவருக்கு எழுதிய பதிலை எல்லோருக்கும் சொல்கிறேன்.

கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். புது மரம் ஆகாது. காயக் காய வெடிக்கும். அதனால் இடித்த பழைய வீடுகளின் தூண், உத்திரங்களைத் தேடி வாங்குவார்கள். அடியில் பொருத்தும் அணசு வாகை மரம்.

முன்பு இருந்தது திமிரி. அளவில் குட்டை, சுருதி உச்சம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) அது போதவில்லை. அவருக்காக அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாதஸ்வரத்தை உருவாக்கினார். சுருதி தாழ்ந்தது, சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசியது. இன்று மேடைகளில் நாம் கேட்பது அதைத்தான்.

ஆனால் குழல் மட்டும் பாடாது. காவிரிக் கரையில் விளையும் நாணல் தட்டையைக் காயவைத்து, பதப்படுத்தி, நூலால் கட்டிச் செய்வது சீவாளி. அது சில நாளில் தளர்ந்துவிடும். அதனால்தான் வித்வான்களின் வாத்தியத்தில் நாலைந்து சீவாளிகள் கயிற்றில் தொங்கும். கூடவே ஓர் ஊசி. சீவாளியின் வாயைத் திறந்து சரிசெய்ய. குழலில் பன்னிரண்டு துளைகள். விரல் படுவது ஏழு. மீதி ஐந்தும் பிரம்ம சுரங்கள். அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சீராக்குவார்கள். வாசித்து முடித்ததும் உள்ளே தங்கும் ஈரத்தைத் துடைத்து வைக்க வேண்டும். இத்தனை பராமரிப்பும் வாசிப்பவரின் கையிலேயே இருந்த கலை.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் முத்திரை வாசிக்காது. கல்யாணத்தில் மேளத்துக்குப் பதில் ஒலிப்பெருக்கியில் பாட்டுப் போட்டால், சீவாளி கட்டுகிறவர் யாருக்காகக் கட்டுவார்?

மாணவரிடம் சொன்னேன்: "தம்பி, வார்னிஷ் அடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடாதே. விரிசல் இருக்கிறதா என்று ஒரு வித்வானிடம் காட்டு. புதுச் சீவாளி போட்டு வாசிக்கச் சொல்லிக் கேள்." நேற்று ஒரு குரல்பதிவு அனுப்பினார். அரை நிமிட மோகனம். மூன்று முறை கேட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.