பயத்தில் பிறந்த ஒரு வரி

1799. பிரெஞ்சுப் புரட்சியின் நெருப்பு கடல் தாண்டிவிடுமோ என்று லண்டன் கலங்கிக்கொண்டிருந்தது. கலகத் துண்டுப் பிரசுரங்கள் கைமாறின. அடித்த அச்சகம் எதுவென்று பிடிபடவில்லை. பிரதமர் பிட்டின் அரசு ஒரு சட்டம் போட்டது: அச்சாகும் தாளில் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். வாயடைக்கப் பிறந்த விதி அது. அதுவே பின்னாளில் வாக்காளர் பக்கம் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

பிரிட்டிஷ் தேர்தல்களில் அப்போது காசு தண்ணீராக ஓடியது. கணக்குப் பார்க்க 1854இல் தணிக்கையாளர்களை நியமித்தார்கள். பயனில்லை, 1863இல் அந்தப் பதவியே ஒழிந்தது. 1872இல் ரகசிய வாக்கெடுப்பு வந்தது. யாருக்குப் போட்டார் என்று தெரியாதபோது யார் காசு கொடுப்பார்கள்? எட்டே வருடத்தில் பதில் கிடைத்தது.

1880இல் கென்ட் கடலோரத்துச் சாண்ட்விச் தொகுதியில் இடைத்தேர்தல். விசாரணைக் கமிஷன் தோண்டத் தோண்ட லஞ்சம் வெளிவந்தது. ரகசிய வாக்கு தந்த தைரியத்தில் இரு தரப்பிடமும் கைநீட்டியவர்கள் இருந்தார்கள். அக்காலத் தேர்தல்களில் இன்னொரு சாமர்த்தியமும் நடந்தது. வாக்காளர் வீட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸை ஒட்டுவார்கள். சுவருக்கு வாடகை என்று பணம் கொடுப்பார்கள். லஞ்சம், விளம்பரச் செலவாக வேஷம் போட்டிருந்தது!

அந்த வேஷத்தைக் கலைக்கக் கிளம்பினார் அட்டர்னி ஜெனரல் ஹென்றி ஜேம்ஸ். 1881இல் கொண்டுவந்த மசோதா கரைசேரவில்லை. 1883இல் நிறைவேறியது. செலவுக்கு உச்சவரம்பு, முடிவு வெளியான 35 நாளுக்குள் கணக்கு, வாக்காளருக்குச் சுவர் வாடகை தரத் தடை. கூடவே, பழைய 1799 யோசனை புது வேலைக்கு வந்தது: தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லையென்றால் 100 பவுண்டு வரை அபராதம். 1880 பொதுத்தேர்தலில் சுமார் 17 லட்சம் பவுண்டாக இருந்த கணக்குக் காட்டிய செலவு, 1885இல் வாக்காளர் தொகை பெருகியும் 10 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. விதி அடுத்து கப்பலேறியது.

சுதந்திர இந்தியாவின் 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பெயரில்லாத தேர்தல் சுவரொட்டியைச் சட்டவிரோதச் செயல்களில் ஒன்றாகச் சேர்த்தது. 1956 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது, விதியும் போயிற்று. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1961இல் 127ஏ பிரிவாக, ஆறு மாதச் சிறை வரை தண்டனையோடு அது திரும்பி வந்தது. நம் ஊர்த் தேர்தல் போஸ்டரின் அடியில், தலைவரின் காலடிக்கும் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும் அச்சகப் பெயர் அதுதான்.

அதை அலங்காரமாக நினைப்பது பெரிய தவறு. அச்சடிக்கக் கொடுப்பவர், தம்மை நேரில் அறிந்த இருவரின் சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி தர வேண்டும். எத்தனை பிரதி, என்ன கூலி என்ற விவரத்தை அச்சகம் மூன்று நாளில் அனுப்ப வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. வேட்பாளர் ஆயிரம் போஸ்டர் என்று கணக்கு எழுதி, அச்சகம் பத்தாயிரம் என்று அனுப்பியிருந்தால், மீதி ஒன்பதாயிரத்துக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.