ஃபேன்டசி கூடைப்பந்து: அணி கட்டுதலும் டிரேடும்

ஃபேன்டசி கூடைப்பந்து என்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களை வைத்து ரசிகர்கள் ஆடும் கற்பனை லீக். ஒவ்வொரு ரசிகரும் ஓர் அணிக்கு மேலாளர். அவர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள் நிஜமான களத்தில் எடுக்கும் எண்களே அவர் அணியின் கணக்கில் சேரும். 1980-இல் டேனியல் ஓக்ரெண்டும் அவருடைய நியூயார்க் நண்பர்களும் பேஸ்பாலுக்காக உருவாக்கிய முறையே பின்னர் கூடைப்பந்துக்கும் வந்தது. இந்திய ரசிகர்களுக்கு ட்ரீம்11 வழியாகப் பழகிய வடிவத்தில் ஓர் ஆட்டத்தோடு அணி கலைந்துவிடும். என்.பி.ஏ. ரசிகர்களின் லீகோ அக்டோபரில் தொடங்கி ஏப்ரலை நெருங்கும்வரை இழுக்கும். மேலாளர்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் என்ற கலைக்கு இடம் கிடைப்பது இந்த நீளத்தில்தான்.

பரவலாக உள்ள அமைப்பில் 12 மேலாளர்கள், ஆளுக்கு 13 ஆட்டக்காரர்கள். என்.பி.ஏ.வின் 30 அணிகளில் இருப்போர் ஏறத்தாழ 450 பேர். அவர்களில் 156 பேர் மட்டும் விலைபோவார்கள். மற்றவர்கள் பொதுப் பட்டியலில் காத்திருப்பார்கள். போட்டி ஒன்பது பிரிவுகளில்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், மூன்று புள்ளி கூடைகள், களத்திலிருந்து எறிவதன் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). கடைசிப் பிரிவில் மட்டும் எண் குறைந்தவருக்கே வெற்றி. நேருக்கு நேர் மோதும் லீகில் வாரத்துக்கு ஒரு எதிராளி. ஒன்பதில் ஐந்தைப் பிடித்தால் அந்த வாரம் கைக்கு வந்துவிடும்.

இந்த ஐந்து என்ற எண்ணிலிருந்துதான் 'பன்ட்' உத்தி பிறந்தது. ஒன்றிரண்டு பிரிவுகளைத் தொடக்கத்திலேயே கைகழுவிவிட்டு மற்றவற்றைப் பலப்படுத்துவது. இதற்குப் பாடப்புத்தக உதாரணம் யானிஸ் அன்டெட்டோகும்போ. 2023-24 சீசனில் அவர் ஆட்டத்துக்கு 30.4 புள்ளி, 11.5 ரீபவுண்ட், 6.5 அசிஸ்ட் எடுத்தார். களச் சதவீதம் 61-ஐத் தாண்டியது. ஆனால் ஃப்ரீ த்ரோவில் 65.7 சதவீதம்தான், அதுவும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் எறிந்து. வலி அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. வாரத்துக்கு 100 எறிந்து 80 போடும் ஓர் அணியில் அவர் மூன்று ஆட்டம் ஆடினால் 32 எறிந்து 21 போடுவார். அணியின் சதவீதம் 76.5-க்கு இறங்கிவிடும். அதே 65 சதவீதக்காரர் ஆட்டத்துக்கு இரண்டே முறை எறிபவராக இருந்தால் 79-க்குக் கீழே போகாது. சதவீதத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

யானிஸை எடுத்தவர் ஃப்ரீ த்ரோவை மறந்துவிடுவதே நல்லது. மறந்த மறுகணம் சந்தையே அவருக்கு வேறாகத் தெரியும். ரூடி கோபேர் போன்ற, ஃப்ரீ த்ரோவில் தடுமாறும் நெட்டை சென்டர்கள் மற்றவர்களைவிட அவருக்கு மதிப்புள்ளவர்கள். ஸ்டெஃபன் கரியின் 92.3 சதவீத ஃப்ரீ த்ரோ (அதே சீசன்) யானிஸை எடுத்தவரின் அணியில் வீண் சொத்து. கரியை அந்தத் திறமைக்காகவே தேடும் இன்னொரு மேலாளர் லீகில் நிச்சயம் இருப்பார். ஆக, ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு அணிகளில் இரண்டு விலை. இரு தரப்புக்கும் லாபம் தரும் டிரேட் சாத்தியமாவது இதனால்தான். எதிராளியை ஏமாற்றுவதே டிரேட் என்று நினைப்பவருக்கு இரண்டாவது டிரேட் அமைவது கடினம்.

எல்லா லீகுக்கும் இது பொருந்தாது. சீசன் முழுவதும் ஒவ்வொரு பிரிவிலும் தரவரிசைப்படி மதிப்பெண் தரும் ரோட்டிசெரி முறையில், கைவிட்ட பிரிவில் 12-க்கு 1 மதிப்பெண்தான் கிடைக்கும். அந்தப் பள்ளத்தை மற்ற பிரிவுகளில் நிரப்புவது பெரும்பாடு. எல்லாவற்றையும் ஒரே புள்ளிக் கணக்காக்கும் லீகிலோ பன்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு பேரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கும் டிரேடில் மறைந்திருக்கும் லாபம் காலியாகும் ஓர் இடம். 12 அணி லீகில் பொதுப் பட்டியலில் ஓரளவு நல்லவர்கள் எப்போதும் கிடைப்பதால், நட்சத்திரத்தைப் பெறுபவரின் கை பெரும்பாலும் ஓங்கும். 20 அணி லீகில் 260 பேர் ஏற்கெனவே போய்விட்டிருப்பார்கள். அங்கே கணக்கு தலைகீழாகலாம்.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது? ஆட்டக்காரரின் திறமை மெதுவாக மாறும்; அவருக்குக் கிடைக்கும் நிமிடங்களும் பொறுப்பும் ஓர் இரவில் மாறிவிடும். ஓக்லஹோமாவில் மாற்று ஆட்டக்காரராக ஆட்டத்துக்கு 16.8 புள்ளி எடுத்த ஜேம்ஸ் ஹார்டன், 2012 அக்டோபர் இறுதியில் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டார். அந்தச் சீசனில் சராசரி 25.9. எதிர்த்திசை உதாரணம் டேமியன் லில்லார்ட். 2023 பிப்ரவரி 26 அன்று ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி குவித்தார். அன்று அவரை விற்க யாருக்கு மனம் வரும்? ஆனால் போர்ட்லாந்து அணி தோற்றுக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் நிர்வாகம் அவரை உட்காரவைத்தது. ஃபேன்டசி லீகின் இறுதிச் சுற்றுகளான பிளேஆஃப் நடக்கும் வாரங்கள் சரியாக அவையே. நட்சத்திரத்தின் எண்களோடு அவர் அணியின் இடத்தையும் பார்ப்பவர்கள் பிப்ரவரியிலேயே பேரத்தைத் தொடங்குவது இதற்காகத்தான்.

காயமும் ஒரு சந்தை. 2024 கிறிஸ்துமஸ் அன்று கெண்டைக்கால் தசை பாதித்த லூகா டான்சிச், அடுத்த பிப்ரவரி 10-ஆம் தேதி திரும்பினார், அதுவும் லேக்கர்ஸ் உடையில். அவருக்கு மாற்றாக டல்லாஸ் போன ஆந்தனி டேவிஸ் அங்கே முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு, மார்ச் 24 வரை களமிறங்கவில்லை. ஜனவரியில் டேவிஸைக் கொடுத்து டான்சிச்சை வாங்கிய மேலாளர் எவராவது இருந்தால், அதில் கணிப்பு பாதி, அதிர்ஷ்டம் பாதி.

பேரம் முடிந்தாலும் டிரேட் முடிந்ததாகாது. பல லீகுகளில் மற்ற மேலாளர்கள் வாக்களித்தோ, கமிஷனர் என்ற பொறுப்பாளரோ அதை ரத்து செய்யலாம். இருவர் கூட்டுச்சேர்ந்து ஒருவருக்கு அணியைத் தாரைவார்ப்பதைத் தடுக்கவே இந்த விதி. நடைமுறையில், போட்டியாளர் பலமாவது பிடிக்காமல் வாக்களிப்போரும் உண்டு. அதனாலேயே அனுபவமுள்ள லீகுகள் பல வாக்கை நீக்கி, அதிகாரத்தைக் கமிஷனரிடம் மட்டும் விடுகின்றன.

பிளேஆஃபுக்குச் சில வாரங்கள் முன்பே டிரேட் வாசல் மூடும். அதன் பிறகு பொதுப் பட்டியல் ஒன்றே வழி. அந்த வாரம் நான்கு ஆட்டம் ஆடும் சாதாரண ஆளைச் சேர்ப்பதா, இரண்டே ஆட்டம் ஆடும் நல்ல ஆளை வைத்திருப்பதா என்று மேலாளர்கள் என்.பி.ஏ. அட்டவணையை விரித்துவைத்துக் கணக்குப் போடுவார்கள்.