பத்தின் 367ஆம் அடுக்கு

1க்குப் பின் 367 சுழியங்கள் நிற்கும் 368 இலக்க முழு எண். பகாக் காரணிகள் 2, 5 என இரண்டே, வகுத்திகளோ 1,35,424. எண் கோட்பாட்டில் இதற்கு இடம் தேடித் தந்தது வேரிங் கணக்கு. அதன் நான்காம் அடுக்கைத் தீர்த்த மூவரில் ஒருவர், தென்சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன்.

ஓர் எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் நாற்படி கிடைக்கும்: 1, 16, 81, 256. எந்த முழு எண்ணையும் 19 நாற்படிகளுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்று எட்வர்ட் வேரிங் 1770இல் எழுதினார்; நிறுவல் தரவில்லை. 19ஐக் குறைக்கவும் வழியில்லை. 79ஐ எடுத்துக்கொண்டால், அதற்குள் அடங்கும் நாற்படிகள் 16, 1 மட்டுமே. நான்கு 16 போக மீதி 15ஐ ஒவ்வொன்றாகத்தான் கூட்டியாக வேண்டும்.

லியூவில் 1859இல் 53 போதும் என்றார். வீஃபரிஷ் 1909இல் 37 என்று குறைத்தார். இதே கேள்வியை மற்ற அடுக்குகளுக்கும் கேட்கலாம்: ஆறாம் அடுக்குக்கு விடை 73 என்பதைத் தமிழகத்தின் எஸ். எஸ். பிள்ளை 1940இலும், ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964இலும் நிறுவிவிட்டார்கள். நான்காம் அடுக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை.

ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் கையாண்ட வட்ட முறையை ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920களில் வேரிங் கணக்குக்கு வளர்த்தெடுத்தார்கள். அது சொல்வது மிகப் பெரிய எண்களைப் பற்றி மட்டுமே. எவ்வளவு பெரிய எண்கள்? அதற்கு மேல் 19 போதும் என்று 1940இல் எஃப். சி. ஆலக் காட்டிய எல்லையில், சுழியங்களின் எண்ணிக்கையே 89 இலக்கம் கொண்டது. அணுவுக்கு ஒரு சுழியமாக எழுதினாலும் காணக்கூடிய பேரண்டத்தின் அணுக்கள் போதாது. அந்த எல்லைக்குக் கீழே உள்ள எண்களைக் கணினியால் சரிபார்ப்பது நடவாத காரியம். உண்மையான போராட்டம் இந்த எல்லையைக் கீழிறக்குவதில்தான் இருந்தது.

பாலசுப்பிரமணியன் 1979இல் 21, 1985இல் 20 என்று நெருங்கினார். பிரான்சின் தெசுயே, திரெஸ் ஆகியோருடன் சேர்ந்து 1986இல் 19ஐ எட்டினார். பிறகு வெளியான விரிவான நிறுவலில் வட்ட முறையின் எல்லை பத்தின் 367ஆம் அடுக்காக இறங்கியிருந்தது. மறுபுறம், பத்தின் 448ஆம் அடுக்கு வரை கணினியின் துணையோடு சரிபார்க்கப்பட்டது. அத்தனை எண்களையும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை: ஓர் எண்ணுக்குள் அடங்கும் மிகப் பெரிய நாற்படியைக் கழித்தால், மீதியின் இலக்கங்கள் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடும். இந்த உத்தியைக் கூர்மையாக்கியதால், சிறிய எண்களில் செய்த சோதனையே வெகுதூரம் எட்டியது. இரு எல்லைகளும் ஒன்றையொன்று தாண்டியதால் இடைவெளி மிஞ்சவில்லை.

எல்லையாக நின்ற இந்த எண்ணுக்கோ பத்து நாற்படிகளே போதும். 1000 என்பது இரண்டு 256, ஆறு 81, இரண்டு 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. பத்தின் 364ஆம் அடுக்கு தானே ஒரு நாற்படி என்பதால், 1000இன் பத்து உறுப்புகளையும் அதனால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

13,792ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் 16 நாற்படிகள் போதும் என்பது 2005இல் உறுதியானது. 16க்குக் கீழே போக முடியாது: 31ஐ 16ஆல் எத்தனை முறை பெருக்கிக்கொண்டே போனாலும், 496, 7,936 என வரும் ஒவ்வோர் எண்ணும் 16 நாற்படிகளைக் கேட்கும்.