வானோடியும் மலைமண்ணும்

பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் ஓடைகள் செந்நிறமாய்ப் பெருகுகின்றன. அது தேயிலைச் சரிவுகள் இழந்த மேல்மண்ணின் நிறமாகும். காட்டை அழித்து முதலிற் கோப்பியும், 1867க்குப் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்ட காலந்தொட்டு இவ்விழப்பு நிகழ்ந்து வருகின்றது. இத்தகைய சரிவு நிலங்களைக் காக்க வழி தேடியவர்களுள் ஒருவர், வானோடியும் பொறியியலாளருமாகிய ரே விஜேவர்தன.

1924ஆம் ஆண்டு பிறந்த அவர் கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்றார். விமானமும் ஹெலிகொப்டரும் ஓட்டியதோடு, சிறு விமானங்களைத் தாமே அமைத்தும் பறந்தார். 1950களில் ‘லான்ட்மாஸ்டர்’ என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கிப் புகழ்பெற்றார். ஆயினும், அது எருமையின் வேலையைச் செய்ததேயன்றி விளைச்சலைப் பெருக்கவில்லை என்று பின்னர் அவரே வெளிப்படையாகக் கூறினார். தம் படைப்பையே ஐயுறும் துணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவ்வையமே அவரை மண்ணின்பால் திருப்பிற்று. நைஜீரியாவின் இபாடான் நகரிலுள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிலையத்தில், உழாமலே மண்ணைக் காத்துப் பயிரிடும் முறைகளை ஆராய்ந்தார். நாடு திரும்பியபின், சரிவுக்குக் குறுக்கே கிளிரிசிடியா மரங்களை நெருக்கமான வேலியாக நடுமாறு வலியுறுத்தினார். வேலி மண்ணைத் தடுக்கும், வெட்டிய தழை உரமாகும், கிளை விறகாகும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் விளங்கிய அவர் 2010இல் மறைந்தார். உழவு இயந்திரம் ஏறமாட்டாத மலைச்சரிவில் அவரது மரவேலி நிற்கவல்லது. அங்கே தங்கும் மண்ணே தோட்டத் தொழிலாளரின் நாளைய கொழுந்து. காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீண்ட ஆயுளும் அதுவே.