வலிக்கு எத்தனை லைசென்ஸ்?

மத்தியப் பிரதேசத்துல அரசு அனுமதியோடயே அபின் விளையுதுன்னு படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. புற்றுநோயின் கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் அதிலிருந்துதான் வருகிறது. ஆனா 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, அதை வாங்க மருத்துவமனைகளுக்குப் பல லைசென்ஸ் தேவைப்பட்டது. ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதி ஆகியிருக்கும். பலர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். மருந்து விளையுற நாட்டுலயே நோயாளிகள் வலியில துடிச்சாங்க.

1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டில் வலி நிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக நோயாளிகளைத் தேடி வீட்டுக்குப் போனார்கள். குடும்பத்தோடயும் உட்கார்ந்து பேசினாங்க. அவரைப் போன்றவர்கள் விடாமல் போராடியதில், 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போ ஒரே லைசென்ஸ் போதும்.

“இனி செய்ய ஒண்ணும் இல்ல”ன்னு யாராவது சொன்னா, “சரி, வலிக்கு என்ன செய்யலாம்?”னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு மருத்துவத்துல பதில் இருக்கு.