மனச்சோர்வு மாத்திரையும் ரமளான் நோன்பும்

ஷஅபான் பிறை பிறந்ததும் பள்ளிவாசலில் நம்மிடம் தனியாக வந்து பேசுவோர் சிலர் உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து சாப்பிடுபவர்கள் நாலு பேர் முன்னிலையிலேயே கேட்டுவிடுவார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் இஷாவுக்குப் பின் கூட்டம் கலையும் வரை காத்திருப்பார். "ஹஜ்ரத், நோன்புக்காக ஒரு மாசம் நிறுத்திக்கலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்.

நிறுத்தக் கூடாது. பெரும்பாலோருக்கு நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. இன்று மருத்துவர்கள் அதிகம் எழுதித் தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃப்ளுவாக்ஸெட்டின் ஆகியவை பொதுவாக நாளுக்கு ஒரு வேளை சாப்பிடுபவை. பகலில் சாப்பிடும் மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ மாற்றிக்கொள்ளலாமா என்று ரமளானுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்றால் தராவீஹுக்குப் பின், தூக்கத்தைக் கெடுப்பது என்றால் ஸஹரில் என்று அவர் சொல்லக்கூடும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தருபவை; நோன்பில் இரண்டும் கூடலாம். மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் தனி எச்சரிக்கைக்குரியவர்கள். உடலில் நீர் வற்றினால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நோன்பும் வைக்க வேண்டாம்.

ஸஹரில் மறந்துவிட்டால் இஃப்தாருக்குப் பின் சாப்பிடலாம். விட்டதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

திடீரென நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற சுளீர் உணர்வு வரலாம். பரோக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் சாப்பிடுபவர்களுக்கு இது கடுமையாக இருக்கும். இதைப் பார்த்துத்தான் "இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார்" என்று குடும்பத்தார் முடிவு கட்டுகிறார்கள். போதைக்கு அடிமையாவது போன்றதல்ல இது. பழகிய மருந்து திடீரென நின்றதால் உடல் தடுமாறுகிறது. மருத்துவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் குறையும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதே வழக்கம். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் விட்டவருக்கு நோய் திரும்புவது அதிகம்.

"ஈமான் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாமும் ஆலிமாகி வந்த புதிதில் ஒரு தாயிடம் "ஓதி ஊதினால் போதும்" என்று சொல்லியிருக்கிறோம். அவர் மாத்திரையை விட்டார், நோய் முற்றித்தான் மறுபடி மருத்துவமனைக்குப் போனார். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. மருந்து செய்துகொள்ளச் சொன்ன நபிமொழியும் நம்மிடம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில், 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை வேறு என்று பிரித்து, பின்னதற்கு உடல் மருத்துவம் தேவை என எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய முஸ்லிம் அறிஞருக்குப் புரிந்தது இது.

புதிதாகத் தொடங்குபவர் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, படபடப்பு வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் ஆபத்தானது. 24 வயது வரையுள்ளோரில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் அதிகமாகலாம் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் இளைஞர்களுக்கும் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். மாத்திரைப் பெட்டி வீட்டுப் பெரியவர் கையில் இருக்கட்டும். இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் பேசலாம்.

மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், இதயத்திற்கு ஆஸ்பிரின், கடும் வலிக்கு டிரமடால், இருமல் மருந்து, நாட்டு மருந்துப் பொடி என எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிலவற்றால் இரத்தக் கசிவு வரும். டிரமடாலும் சில இருமல் மருந்துகளும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரை போகலாம். கர்ப்பம் தெரிந்ததும் பயந்துபோய்த் தாமாக நிறுத்துவதும் தவறு. கேப்ஸ்யூல் கூட்டில் உள்ள ஜெலட்டின் உறுத்தினால் மாத்திரை வடிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் சீட்டை ஒருமுறை பாருங்கள். நம் நாட்டில் எஸ்சிட்டாலோபிராமுடன் குளோனாசெபம் சேர்ந்த ஒரே மாத்திரை பரவலாகக் கிடைக்கிறது. குளோனாசெபம் உண்மையிலேயே பழக்கமாகக்கூடியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. முன் அனுமதியில்லாமல் பையில் வைத்துக்கொண்டு இறங்கினால் சிக்கல்தான்.

மருத்துவர் "இந்த வருடம் நோன்பு வேண்டாம்" என்றால், அல்பகரா 184, 185 வசனங்கள் நோயாளிக்குத் தந்த சலுகை இவருக்கும் உரியது. குணமானபின் களா செய்வார். குணமாகும் நம்பிக்கையே இல்லாதவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பார். பகலில் அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ஏன் நோன்பில்லை என்று வீட்டுக்கு வந்தவர் முன் கேட்காதீர்கள்.