லினக்ஸ் லேப்டாப் பூட் ஆகலையா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினால், லோகோவோடு அப்படியே நிற்கிறதா உங்கள் உபுண்டு லேப்டாப்? உடனே ஃபார்மட் பண்ணிட்டா, உள்ளே இருக்கிற புராஜெக்ட், போட்டோ எல்லாம் போயிடும். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது.

என்னதான் நடக்குது?

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபர்ம்வேர் முதலில் விழிக்கும். அது 'கிரப்' என்கிற பூட்லோடரை எழுப்பும். கிரப், கெர்னலை மெமரிக்குக் கொண்டுவரும். பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும், ஆரம்பத்தில் வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான். மற்ற ஏழையும் கெர்னல்தான் எழுப்பணும். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சுது.

1. பழைய கெர்னல்

ஆன் செய்ததும் 'எஸ்கேப்' பட்டனைத் தட்டினால் (பழைய பயாஸ் மெஷின் என்றால் 'ஷிஃப்ட்'டை அழுத்திப் பிடித்தால்) கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. அது ஓடினால், குற்றவாளி புது அப்டேட்தான்.

2. திரையைப் பேச வைங்க

மெனுவில் 'இ' எழுத்தை அழுத்தினால் பூட் வரிகள் வரும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட்', 'ஸ்ப்ளாஷ்' இரண்டையும் அழித்துவிட்டு 'கன்ட்ரோல் + எக்ஸ்' கொடுங்க. லோகோவுக்குப் பதில் மெசேஜ்கள் ஓடும். கடைசி வரியை போனில் போட்டோ எடுத்துக்கோங்க. அதைத் தேடினாலே பல நேரம் விடை கிடைச்சுடும்.

3. ஒரே கோரில் ஓட்டுங்க

அதே வரியின் கடைசியில் 'நோஎஸ்எம்பி' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேர்த்துப் பாருங்க. ஒரு கோரில் மட்டும் பூட் ஆகும். இப்போது ஓடினால், மற்ற கோர்களை எழுப்புவதிலோ இன்டரப்ட்களைப் பங்கிடுவதிலோதான் சிக்கல். அதை எடுத்துவிட்டு 'நோஏபிக்' போட்டு ஓடினால், சந்தேகம் இன்டரப்ட் பக்கம். நிரந்தரத் தீர்வு, ஃபர்ம்வேர் அப்டேட் அல்லது வேறு கெர்னல்தான். 'நோஎஸ்எம்பி'யையே நிரந்தரமாக வெச்சுக்காதீங்க, லேப்டாப் ஆமை வேகத்தில்தான் போகும்.

4. திரை கறுப்பாகவே இருந்தால்

கிராபிக்ஸ் டிரைவர் பிரச்னையாக இருக்கலாம். 'நோமோட்செட்' சேர்த்துப் பாருங்க.

பயம் வேண்டாம். இங்கே மாற்றுவது எல்லாம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிடும்.

5. எதுவுமே வேலைக்கு ஆகலையா?

நண்பரின் கம்ப்யூட்டரில் உபுண்டு லைவ் பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து பூட் பண்ணுங்க. 'டிரை உபுண்டு'வை மட்டும் தொடுங்க, 'இன்ஸ்டால்' பக்கம் போகாதீங்க. ஹார்டு டிஸ்க் தெரிந்தால், முதல் வேலை ஃபைல்களை வெளியே காப்பி எடுப்பது. டிஸ்கை ரிப்பேர் பண்றதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால், லேப்டாப்பில் மட்டும்தான் இப்படி உள்ளே புகுந்து பார்க்கிற சுதந்திரம் சுலபமாகக் கிடைக்கும். பயன்படுத்திக்கோங்க மக்களே!